வெஞ்சனத்தைக் கூட்டுங்க

நேற்று உணவு ஆலோசகர் பெண் மூன்று தடுப்பு வைத்த எவர்சில்வர் தட்டு ஒன்றை என் முன்னால் வைத்தாள். பெரிய தடுப்பை விரலால் தட்டி, "இதுல சோறு இல்ல சார், காய்கறி" என்றாள். அந்தச் சத்தத்தில் நான் எண்பதுகளின் நாகல் நகர் வீட்டுக்குப் போய்விட்டேன்.

அப்பாவுக்குச் சர்க்கரை என்று தெரிந்த வாரம் அது. டாக்டர் சொன்னது ஒரே வரிதான்: "சோத்தைக் கொறைங்க, வெஞ்சனத்தைக் கூட்டுங்க."

டாக்டர் நினைத்தது கீரையை, அவரைக்காயை. எங்கள் வீட்டிலோ சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் எல்லாமே வெஞ்சனம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்து உட்கார்ந்த அப்பா, தட்டின் நடுவில் ஒரே ஒரு கரண்டி சோறு வைத்தார். அதைச் சுற்றி மிளகு மணக்கும் மட்டன் சுக்கா, ஈரல் வறுவல், மூன்று அவித்த முட்டை.

"என்னங்க இது, அநியாயமா இருக்கு?" என்றாள் அம்மா.

"டாக்டர் கூட்டச் சொன்னாரு, கூட்டியிருக்கேன். அம்புட்டுதான்."

ஒரு மாதம் இந்தப் பத்தியத்தை ஒருநாள்கூட மீறாமல் இருந்தார். எடை நாலு கிலோ ஏறியது. சர்க்கரையும் இறங்கவில்லை. "என்னதான் சாப்பிடுறீங்க?" என்று டாக்டர் கேட்க, அப்பா பெருமையாக வரிசையாய்ச் சொன்னார். டாக்டர் மருந்துச் சீட்டை எடுத்து, 'அவரைக்காய்' என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டுக் கொடுத்தார். அம்மா அதை அடுப்படிச் சுவரில் ஒட்டிவைத்தாள்.

"வேற சந்தேகம் இருக்கா சார்?" என்றாள் ஆலோசகர் பெண்.

"உருளைக்கிழங்கு வறுவலும் காய்கறிதானேம்மா?"

அவளும் பேனாவை எடுத்தாள்.