கண்ணா விறகும் பட்டணத்து வெளிச்சமும்

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்குச் சற்று முன்னர் மட்டக்களப்புப் பட்டணத்துக்கு மின்சார வெளிச்சம் வந்தது. ஆற்றங்கரையில் ஒரு கொட்டகை, அதற்குள் விறகு எரித்து ஓடும் எஞ்சின். உப்புநீர் வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். அதன் எதிர்க்கரைப் பள்ளிக்கூடத்தில் நான் உதவி வாத்தியார். பெரியவர்கள் முன்னால் எனக்குப் பேச்சு வராது. பிள்ளைகளிடம் மட்டும் கொஞ்சம் பேசுவேன்.

மின்சாரம் பற்றிய பாடத்தில் நன்மைகள் மட்டுமே இருந்தன. ஆஸ்பத்திரியில், பிரசவ அறையில், இனி லாம்புப் புகை இல்லை. அதெல்லாம் மெய்தான். அதைச் சொல்லிவிட்டு, வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று பிள்ளைகளையே கேட்டேன். அவர்கள் சொல்லச் சொல்லக் கரும்பலகையில் எழுதி அம்புக்குறி போட்டேன்.

"எஞ்சினால வாத்தியார்."

"எஞ்சினுக்கு விறகு."

"விறகு, நம்மட கண்ணா மரம்!"

கண்ணா உப்புத்தண்ணீருக்குள் வேர்விட்டு நிற்கும் மரம். இறால் குஞ்சுகள் வளர்வது அந்த வேர்களுக்குள்தான். பெண்கள் இடுப்பளவு நீரில் நின்று, கரப்பு என்ற அடியில்லாத கூடையைக் குத்தி, மேல்வாயால் கைவிட்டு இறால் பிடிப்பார்கள். அடுப்புக்குப் பட்ட கொப்பை ஒடிப்பதுதான் வழக்கம். பச்சை மரத்தில் யாரும் கத்தி வைப்பதில்லை. எஞ்சின் பச்சை, பட்டது என்று பார்க்கவில்லை.

"கண்ணா போனா இறாலும் போயிரும்" என்றாள் முன்வாங்கிலிருந்த சிறுமி. அவளுடைய தாய் கரப்புக் குத்துகிறவள்.

"இவள்ட அப்பாதான் வெட்டுறாரு வாத்தியார்! பட்டணத்துக்கு பல்பு, இவள்ட வீட்டில குப்பிலாம்பு!" என்றான் பின்னாலிருந்த ஒருவன். வகுப்பே சிரித்தது.

"இறால் இல்லாததாலதான் அப்பா வெட்டப் போறாரு" என்றாள் அவள். பிறகு கரும்பலகையைப் பார்த்தாள். இறாலிலிருந்து அப்பாவுக்கு, அப்பாவிலிருந்து திரும்பவும் கண்ணாவுக்கு. அது எப்படிச் சுற்றி வருகிறது என்று நான் எழுதாமலே அவளுக்கு விளங்கிவிட்டது.

"வெட்டவேணாமெண்டு அப்பாட்டச் சொல்லட்டா வாத்தியார்?"

"சொல்லு புள்ள" என்றேன்.

மறுநாள் காலை தகப்பன் வந்தார். கையில் கத்தி இருந்தது. முகத்தில் கோபமில்லை.

"ராவெல்லாம் மகள் ஒரே அழுகை வாத்தியார். நீங்க படிப்பிச்சது பிழையில்ல. நான் வெட்டாட்டி இன்னொருத்தன் வெட்டுவான். வேற வேல ஒண்டு சொல்லுங்க, கத்திய இப்பவே ஆத்துக்க போடுறன்."

என்னிடம் வேலை ஏது? அவர் நின்றார், உண்மையாகவே ஒரு பதிலுக்காக. பிறகு தோணிப் பக்கம் நடந்தார்.

அந்த மாரி முடிந்தபோது தாயின் கரப்பு கூரைமேல் ஏறிவிட்டது. சிறுமி பள்ளிக்கு வருவதை விட்டாள். தகப்பனோடு போய் விறகு கட்டினாள். தோணி பள்ளிக்கூடத்தைக் கடக்கும்போது முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்வாள்.

ஒவ்வொரு வருடமும் அந்தப் பாடம் வருகிறது. ஆஸ்பத்திரி வரை சொல்லிப் புத்தகத்தை மூடிவிடுகிறேன். முன்பெல்லாம் கண்ணா மறைத்து நின்றதால் பட்டணத்து வெளிச்சம் எங்களுக்குத் தெரிந்ததில்லை. இப்போது பொழுதுபட்டதும் அக்கரையில் வரிசையாகத் தெரிகிறது. பிள்ளைகள் வெறுங்கரையில் நின்று பார்க்கிறார்கள். பார்க்க அழகாய்த்தான் இருக்கிறது.