துருசு வரைக்கும் நிற்காமல்

வயிற்றில் கட்டி. வெட்டி எடுக்காவிட்டால் நான் தப்பமாட்டேன். ஆனால் பட்டணத்து டொக்டர் கத்தியைத் தொட மறுத்துவிட்டார்.

"உங்களுக்கு ரத்தமும் காணாது, மூச்சும் காணாது. மருந்தைக் குடியுங்கோ, ஒவ்வொரு நாளும் நடவுங்கோ. நிக்காமல் நடக்கிற அளவுக்கு வந்தால் வெட்டுறன்."

அப்போது எனக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. கிணற்றடிக்குப் போய் வந்தாலே மூச்சிரைக்கும். சாகப் பயமாக இருந்தது; வெட்கப்படாமல் சொல்கிறேன்.

எங்கள் குடியேற்றத்தில் வீடுகள் வாய்க்காலோரம் வரிசையாக இருந்தன. கடைசி வீட்டைத் தாண்டினால் குளக்கட்டும், குளத்து நீரைத் திறந்துவிடும் துருசும். அதுவரை நடப்பதென்று வெளிக்கிட்டேன். நடக்க விட்டால்தானே! யாழ்ப்பாணத்தில் ஆளுக்கொரு ஊரிலிருந்து வந்து காடு வெட்டிய சனம் நாங்கள். வேலிப் படலையைக் கடப்பவரைக் கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுக்காவிட்டால் அவர்களுக்கு மரியாதைக் குறைவு. குடிக்காமல் போனால் நமக்குத் திமிர். படலைக்குப் படலை இருக்கக் கதிரை, குடிக்கத் தேத்தண்ணி, கடிக்கப் பனங்கட்டி. நான் நடந்ததைவிட இருந்ததுதான் அதிகம்.

ஒருநாள் எரிச்சலில், எதிர்வீட்டு அக்கா கூப்பிட்டும் நிற்காமல் போனேன். அவர் பின்னாலேயே வந்துவிட்டார்.

"ஏன் தங்கச்சி, எங்கட வீட்டுத் தண்ணி உமக்கு ஆகாதோ?"

"ஐயோ அக்கா! நிண்டால் எனக்கு ஒப்பரேசன் இல்லை. ஒப்பரேசன் இல்லாட்டி நான் இல்லை!"

மறுநாள் அக்கா என்னைக் கூப்பிடவில்லை. செம்பில் தேத்தண்ணியோடு படலையைத் திறந்துகொண்டு என்னோடு நடந்தார்!

"இருக்கத்தானே கூடாது? கதைக்கலாம்தானே. நடவும்!"

அடுத்தடுத்த வீட்டுப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். முதலில் எனக்கு "ஓம்" சொல்லவே மூச்சுப் போதவில்லை. வயலில் கதிர் வந்தபோது பதில் சொன்னேன். கதிர் முற்றியபோது, துருசு வரைக்கும் வாய் ஓயாமல் அவர்களைக் கேலி செய்துகொண்டு போனேன். அன்று குளக்கட்டில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். எனக்கு அழுகையும் வந்தது.

அறுவடை முடிந்ததும் கணவர் என்னை பஸ்ஸில் கூட்டிப்போனார். டொக்டர் ஆஸ்பத்திரியின் நீண்ட விறாந்தையைக் காட்டினார்.

"என்னோட கதைச்சுக்கொண்டே நடவுங்கோ. எந்த இடத்தில மூச்சு வாங்குதெண்டு பாப்பம்."

கதைக்கவா சொன்னார்? எதிர்வீட்டு அக்காவின் மாடு என் தோட்டத்துக்குள் புகுந்த கதையைத் தொடங்கினேன். மறுமுனைக்குப் போனோம், திரும்பினோம், மீண்டும் போனோம்.

"காணும் அம்மா, காணும்! போய்ப் படுங்கோ. நாளைக்கு வெட்டுறன்."

"கொஞ்சம் பொறுங்கோ டொக்டர்," என்றேன். "மாடு இன்னும் பிடிபடேல்லை."