டெஸ்டிங் என்று சொல்லிக் கேட்ட ஆல்பம்

எங்கள் பக்கத்தில் எந்தச் சத்தத்துக்கும் ஒரு மன்னிப்பு உண்டு. 'டெஸ்டிங்' என்று சொல்லிவிட்டால் போதும். விடிவதற்குள் குழாய் ஸ்பீக்கரில் ஒருவன் "ஹலோ, ஒன் டூ த்ரீ" என்று தெருவையே எழுப்பினாலும் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். மைக் செட்காரன் வேலையைப் பார்க்கிறான் என்று திரும்பிப் படுத்துக்கொள்வார்கள். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டுதான் நான் இத்தனை வருடமாக ஒரு ஹெவி மெட்டல் ராக் ஆல்பத்தைக் கேட்டு வந்தேன்.

மேற்குத் தாம்பரத்தில் எங்கள் மைக் செட் கடை. அத்தா ஆரம்பித்தது. அவருக்குப் பிறகு அண்ணனும் நானும் சரிபாதியாக நடத்துகிறோம். கல்யாணம், கோயில் திருவிழா, மாதா தேர், தர்கா கந்தூரி, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் எங்கள் ஸ்பீக்கர் பாக்ஸ் போகும். அத்தாவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. செட் கட்டி முடித்ததும் போடும் முதல் பாட்டு, கூப்பிட்டவர்களின் சாமிப் பாட்டாக இருக்க வேண்டும். கோயில் என்றால் பிள்ளையார், சர்ச் என்றால் மாதா, நம்மவர்கள் என்றால் நாகூர். அதை இன்றும் மாற்றவில்லை. ஆனால் அந்த முதல் பாட்டுக்கு முன்னால் டெஸ்டிங் நேரம் என்று ஒன்று இருக்கிறதே, அது எந்தச் சாமிக்கும் சொந்தமில்லை. அதை நான் எடுத்துக்கொண்டேன்.

பல வருடத்துக்கு முன் வண்டலூர் தாண்டி ஒரு காலேஜ் விழாவுக்கு செட் கொடுத்திருந்தோம். மேடையில் வாசிக்க வந்த பையன்கள் எங்கள் பிளேயருக்குள்ளேயே இந்த ஆல்பத்தின் சி.டி.யை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். யாரும் தேடி வரவில்லை. கடையில் ஓட்டிப் பார்த்தேன். முதலில் கிடார் மட்டும், அடுத்த அறையில் யாரோ தனக்குத்தானே வாசிப்பது போல. பிறகு டிரம்ஸ் வந்து விழுந்தது. காலால் தாளம் போட்டேன், தப்பியது. ஏழு ஏழாக எண்ணினால் சரியாக வந்தது. பிடித்துவிட்டேன் என்று நினைக்கும்போதே ஐந்துக்கு மாறிவிட்டார்கள். எனக்குக் கோபம் வந்தது. யாரிடம் விளையாடுகிறீர்கள் என்று மறுபடி முதலிலிருந்து போட்டேன்.

சினிமாப் பாட்டு நம் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகும். இது வந்தால் வா, வராவிட்டால் போ என்று முன்னால் நடக்கும். எனக்கு அந்தத் திமிர் பிடித்திருந்தது. அதில் ஒரு பாட்டு இருபது நிமிடத்துக்கு மேல் ஓடும். நடுவில் இரைச்சல் எல்லாம் அடங்கி கீபோர்டு மட்டும் தனியாக நடந்து வரும். ஆரம்பத்தில் கிடார் வாசித்த அதே சின்ன மெட்டு கடைசியில் திரும்பி வரும், இந்த முறை எல்லோரும் சேர்ந்து, மெதுவாக, முழுக் கனத்தோடு. அந்த இடத்தில் எனக்கு இன்றும் கண் கலங்குகிறது. பாடுகிற ஆங்கிலத்தில் பாதிதான் புரிகிறது.

இயர்போனில் கேட்கலாமே என்பார்கள். கேட்டிருக்கிறேன். பிரியாணியை மோந்து பார்த்துவிட்டுக் கை கழுவுவது போல இருக்கும். அந்த டிரம்ஸ் நெஞ்செலும்பில் தட்ட வேண்டும், நாற்காலியின் கால்கள் தரையில் நடுங்க வேண்டும். அதற்குப் பெரிய பாக்ஸ் வேண்டும், காலியான மண்டபம் வேண்டும். எனக்கு அது கிடைப்பது டெஸ்டிங் நேரத்தில் மட்டும்தான்.

கேட்டவர்கள் சும்மா இருந்தார்களா என்ன. உறவில் ஒருத்தி, "குடிக்கிறது கூழு, கொப்பளிக்கிறது பன்னீரு" என்றாள். பெரும்பாக்கம் பக்கம் ஒரு அபார்ட்மென்ட் விழாவில் ஐ.டி. வேலை பார்க்கிற பையன் ஒருவன் ஓடி வந்து, "அக்கா, நீங்க இதெல்லாம் கேப்பீங்களா?" என்று வாயைப் பிளந்தான். ஏன், தாம்பரத்துக்காரிக்குக் காது கிடையாதா? முக்காடு போட்டவள் காதில் ஏழு தாளம் நுழையாதா? அவனிடமும் "டெஸ்டிங் தம்பி" என்றுதான் சொன்னேன். சொல்லிவிட்டு அன்று முழுக்க எனக்கே எரிச்சலாக இருந்தது.

போன வருடம் அண்ணன் ஒரு டிஜிட்டல் மிக்சர் வாங்கினான். கூடவே ஒரு சின்ன மைக். அதை மண்டபத்தின் நடுவில் நிறுத்தினால், பாக்ஸிலிருந்து குக்கர் ஆவி போகிற மாதிரி 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம் வரும். அதைக் கேட்டு மிக்சரே எல்லாவற்றையும் சரி பண்ணிக்கொள்ளும். வேலை அவ்வளவுதான்.

"இனிமே உன் இரும்புக் கடை பாட்டு தேவையில்ல" என்றான் அண்ணன்.

"எனக்குத் தேவை."

"எதுக்கு? அதான் டெஸ்டிங்க மிசினே பண்ணிடுதே. பெருங்களத்தூர் மேனேஜரு போன தடவையே மூஞ்சியத் தூக்கி வச்சுக்கினாரு. அந்த மண்டபம் போச்சுன்னா நமக்கு பாதி முகூர்த்தம் போச்சு. நாப்பது வயசுப் பொம்பள இப்டி கத்தலு வச்சுக் கேட்டா நாலு பேரு இன்னா சொல்லுவாங்க?"

"அந்த நாலு பேருக்கும் சேத்து ஏணியில ஏறி பாக்ஸ் கட்டுறது நானு. அப்ப ஒருத்தனும் பொம்பளைன்னு சொல்லலையே."

அவன் ஒயரைச் சுருட்டத் தொடங்கினான். ஆனால் அவன் சொன்னதில் ஒன்று சரி. என் சாக்கு போய்விட்டது. இனி அந்த ஆல்பத்தைப் பெரிய பாக்ஸில் போட வேண்டுமென்றால், எனக்குப் பிடிக்கிறது, அதனால் போடுகிறேன் என்று சொல்ல வேண்டும். இல்லையென்றால் விட்டுவிட வேண்டும்.

தை பிறந்ததும் அதே பெருங்களத்தூர் மண்டபத்தில் ஒரு ரிசப்ஷன். பொங்கலுக்கு ஊருக்குப் போனவர்கள் திரும்புகிற நேரம், ஜி.எஸ்.டி. ரோட்டில் மாட்டிக்கொள்வோம் என்று பயந்து மதியமே கிளம்பிவிட்டோம். பயந்த அளவுக்கு நெரிசல் இல்லை. செட் கட்டினோம், மிசின் 'ஸ்ஸ்' என்றது, முடிந்தது. பெண் வீட்டார் வர இன்னும் நிறைய நேரம் இருந்தது. காலி நாற்காலிகள் வரிசையாகக் கிடந்தன. நான் போனை மிக்சரில் சொருகி, சி.டி.யிலிருந்து அதில் ஏற்றி வைத்திருந்த அந்த நீளமான பாட்டைப் போட்டேன்.

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் சத்தத்தை இன்னும் கொஞ்சம் ஏற்றினேன். கிடார் போய் டிரம்ஸ் விழுந்ததும் சாப்பாட்டுக் கூடத்தில் இலைக் கட்டு பிரித்துக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பாட்டு பாதியை எட்டும்போது மேனேஜர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மாடியிலிருந்து வந்தார்.

"இன்னா மேடம், ஜெனரேட்டர் எதுனா புட்டுக்கிச்சா? இன்னும் டெஸ்டிங் முடியலியா?"

அண்ணன் முந்திக்கொண்டு, "தோ, ஒரு நிமிசம் சார், டெஸ்டிங்தான்" என்றபடி மிக்சரை நோக்கிக் கையை நீட்டினான். நான் அவன் கையை வழியிலேயே பிடித்துக்கொண்டேன். அந்த மண்டபத்து முகூர்த்தங்கள் எனக்கும்தான் சோறு போடுகின்றன.

"டெஸ்டிங் அப்பவே முடிஞ்சிடுச்சு சார்" என்றேன்.

"அப்ப இது இன்னாது?"

"பாட்டு. நான் கேக்குறேன்."

அவர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தரையைப் பார்த்தான். கீபோர்டு தனியாக நடந்து வரத் தொடங்கியது. நான் பக்கத்து நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திப் போட்டேன்.

"இன்னும் பாதி கீது சார். உக்காருங்க."