லைனில் நின்றால் தண்ணி குடிக்க மாட்டேன்

எண்ணூர் ரோட்டில் டிரெய்லர் ஓட்டுகிறேன். துறைமுக கேட்டுக்கு வெளியே வண்டிகள் லைன் கட்டி நிற்கும். சில நாள் பொழுது முழுக்க. லைனில் நிற்கிறவன் தண்ணி குடிக்க மாட்டான். குடித்தால் ஒண்ணுக்கு இறங்கணும். இறங்கின நேரம் பார்த்து லைன் நகரும். பின்னால் இருக்கிறவன் பூந்துடுவான். இதை யாரும் சொல்லித் தரவில்லை.

போன வெயில் காலத்தில் முதுகில் ஒரு வலி பிடித்து அடிவயிறு வரை இறங்கியது. வாயு என்றேன். வீட்டுக்காரி ஒத்துக்கொள்ளவில்லை.

"வாயுவாம். இஞ்சி, பூண்டு, சோடா எல்லாம் பாத்தாச்சு. கல்லுதான் அது. ஸ்கேன் எடு."

ஸ்கேன் என்றாலே எங்களுக்கு ஆகாது. துறைமுகத்தில் கன்டெய்னரை ஸ்கேனுக்குத் தள்ளினால் அந்த நாள் போச்சு. அவளுக்கும் தெரியும். "இன்னிக்கு உன்னத் தள்ளிட்டாங்க. வா" என்றாள்.

எனக்கு வேறு பயம். ஆபரேஷன் என்று படுத்தால் ஓனர் வண்டியை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார். போன வண்டி திரும்பாது.

காலடிப்பேட்டை ஸ்கேன் சென்டரில் பெரிய பாட்டில் தண்ணி கொடுத்தார்கள். குடித்துவிட்டு அடக்கிக்கொண்டு உட்காரணுமாம். அடக்குவது நம்ம தொழில். எனக்கு முன்னால் பெஞ்சு நிறைய ஆள். பார்த்தேன். வாயை நனைத்துக்கொண்டு பாட்டிலைப் பெஞ்சுக்குக் கீழே தள்ளினேன்.

உள்ளே டாக்டரம்மா வயிற்றில் ஜில்லென்று பசை தடவிக் கருவியை வைத்து அழுத்தினார்.

"அண்ணா, தண்ணி குடிச்சீங்களா?"

"குடிச்சேம்மா."

"மூத்திரப்பை காலியா இருக்கே. கிட்னி லேசா வீங்கியிருக்கு. கீழ ஒண்ணும் தெரியல. பை ரொம்பினாதான் தெரியும். போய் குடிச்சிட்டு வாங்க."

வெளியே வீட்டுக்காரி பாட்டிலோடு நின்றாள்.

"இன்னாயா இது? அப்பிடியே கீது."

"லைன் பெருசா இருந்திச்சு."

பெஞ்சைப் பார்த்தாள். "இங்க உன் எடத்துல எவன் பூந்துடுவான்? அந்தப் புள்ளத்தாச்சிப் பொண்ணா?"

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. நான் குடித்தேன். கடைசிச் சொட்டு வரை என் தொண்டையையே பார்த்துக்கினு இருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் என் கால் ஆடியது.

"நாள் பூரா அடக்குவேன்னு பீத்திக்கினியே?"

"அது குடிக்காம அடக்குனது."

மறுபடி கூப்பிட்டார்கள். டாக்டரம்மா டிவியைக் காட்டினார். வெள்ளையாக ஒரு புள்ளி. அதன் பின்னால் கறுப்பாக நிழல்.

"கல்லுக்கு இப்படித்தான் நிழல் விழும். குழாய்ல இறங்கி, பை வாசல்ல நிக்குது. சின்னதுதான்."

"ஆபரேஷனாம்மா?"

"உங்க டாக்டர்தான் சொல்லணும். இந்த அளவு பெரும்பாலும் தானா வந்துடும்."

எங்கள் டாக்டரும் அதையேதான் சொன்னார். மாத்திரை, நிறைய தண்ணி. வண்டி தப்பித்தது.

பஸ்ஸில் வீட்டுக்காரி சொன்னாள், "உன் கல்லும் கேட்டுக்கு வெளிய லைன்ல நிக்குதுய்யா."

இப்போது கேபினில் தண்ணி கேன் கட்டி விட்டிருக்கிறாள். கல் எப்போதோ விழுந்துவிட்டது. கேன் இருக்கிறது. நான் இறங்கினால் பின் வண்டி தோஸ்து என் வண்டியை நகர்த்தி விடுவான்.

"லைன்ல தண்ணி குடிக்கிற மொத டிரைவர் நீதான் மாமு" என்றான் ஒரு நாள்.

கேனை நீட்டினேன். வாங்கினான். லைனை எட்டிப் பார்த்தான். ஒரு மடக்கோடு திருப்பிக் கொடுத்துவிட்டான்.

அவன் தொண்டையைப் பார்க்கவும் என் வீட்டுக்காரியைத்தான் கூப்பிடணும்.