அக்காவுக்கு வயசு போட்டுது

எங்கள் வீட்டில் யாருக்கும் வயசாவதில்லை. வயசு போய்விடும். யாழ்ப்பாணத்திலிருந்து வெள்ளவத்தைக்கு வந்து சேர்ந்த எல்லாக் குடும்பங்களிலும் பேச்சு அப்படித்தான். "அவருக்கு வயசு போட்டுது, மாடிப்படி ஏறமாட்டார்." "வயசு போன மனிசி, கொஞ்சம் இடம் குடுங்கோ." சின்னப் பிள்ளையாக இதையெல்லாம் கேட்கும்போது, வயசு என்பது வீட்டில் எங்களோடு இருந்த ஓர் ஆள் என்று நினைப்பேன். எல்லாரும் கண்ணயர்ந்த ஒரு மத்தியானம் பார்த்து, செருப்பைப் போட்டுக்கொண்டு, ஒழுங்கை வழியே கடற்கரைப் பக்கம் இறங்கிப் போய்விட்ட ஆள்.

என் அக்காவைப் பற்றி அந்தச் சொல் முதன்முதல் சொல்லப்பட்டபோது அவளுக்கு முப்பத்திரண்டு வயது. எனக்கு இருபத்தைந்து. அம்மா ஹோலில் நின்று கலியாணத் தரகரோடு டெலிபோனில் கதைத்துக்கொண்டிருந்தார்.

"மூத்தவளுக்கு வயசு போட்டுது. இனி இளையவளுக்குப் பாருங்கோ."

அக்கா பக்கத்து அறையில் அடுத்த நாள் வேலைக்குக் கட்டும் சேலையை மினுக்கிக்கொண்டிருந்தாள். கோட்டையில் ஒரு சட்டத்தரணியிடம் தட்டச்சு வேலை பார்த்தாள். அயன்பெட்டி ஒரு கணம் நின்றது. பிறகு மடிப்பின் மேல் மெதுவாக நகர்ந்தது. நான் கதவருகில் நின்றேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

அடுத்த வருசம் எனக்குக் கலியாணம் நடந்தது. தலை பின்னிப் பூ வைத்துவிட்டது அக்காதான். நான் தெஹிவளைக்குப் போனேன், பிள்ளைகள் பெற்றேன். அவள் அதே வீட்டில் அப்பாவைப் பார்த்தாள், பிறகு அம்மாவைப் பார்த்தாள். இரண்டு பேரும் போன பிறகு கடலைப் பார்த்த அந்த மூன்றாம் மாடி வீட்டில் தனியே இருந்தாள். காலையில் ரயிலில் போய் மாலையில் ரயிலில் வந்தாள். ஓய்வு பெற்ற பின்னும் ரயில் வரும் நேரத்துக்கு ஜன்னலடியில் வந்து நிற்பாள். கண்ணில் வெள்ளை படர்ந்து, ரயில் அவளுக்குக் கடலின் மேல் போகும் ஒரு சிவப்புக் கோடாகத் தெரிந்த காலத்தில்தான் ஒப்பரேசனுக்குச் சம்மதித்தாள். அப்போது அவளுக்கு அறுபத்தொன்று.

நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். ஒப்பரேசன் முடிந்தவர்களைத் திரை மூடிய ஓர் அறையில் சாய்வு நாற்காலிகளில் இருத்தியிருந்தார்கள். எல்லாருக்கும் ஒரு கண்ணில் கட்டு. நான் மருந்து வாங்கிவரக் கீழே போனேன். திரும்பி வரும்போது அக்கா யாரோடோ கதைத்துக்கொண்டிருந்தாள். அடுத்த நாற்காலியில் இருந்தவர் கொட்டாஞ்சேனைக்காரர், துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து பத்து வருசம், பிள்ளைகள் இல்லை. இவ்வளவும் அதற்குள் அக்காவுக்குத் தெரிந்திருந்தது.

"வெளியில மழை பெய்யுது" என்றாள் அக்கா.

"மழை இல்ல மிஸ். அது ஏசி சத்தம்."

"மழைதான். எனக்கு மணக்குது."

அவர் மூக்கை உயர்த்தி முகர்ந்து பார்த்தார். "சரிதான். மழைதான். எனக்கு வயசாயிட்டுன்னு எல்லாரும் சொல்றாங்க. இப்பதான் நம்புறேன்."

அக்கா சிரித்தாள். அம்மா போன பிறகு நான் அந்தச் சிரிப்பைக் கேட்டதில்லை. அந்த அரை வெளிச்சத்தில், மருந்துப் பையோடு, வேறு யாருடைய கனவுக்குள்ளோ வந்துவிட்டவள் போல நின்றேன். வெளியே உண்மையிலேயே மழை பெய்துகொண்டிருந்தது.

அடுத்த நாள் காலையில் இருவருக்கும் கட்டு அவிழ்த்தார்கள். வரும் வழியில் ஓட்டோவில் அக்கா சொன்னாள்: "குரலைக் கேட்டு நெடுவல் எண்டு நினைச்சனான். ஆள் கட்டை."

அதற்குப் பிறகு எட்டு மாதம் நான் ஒன்றும் அறியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் மீன் கழுவிக்கொண்டிருந்தபோது அவள் குசினி வாசலில் வந்து நின்றாள்.

"அந்தக் கொட்டாஞ்சேனை ஆள் என்னைக் கலியாணம் செய்யக் கேக்கிறார். நான் ஓம் எண்டு சொல்லிப்போட்டன்."

என் வாயிலிருந்து அது தானாக வந்தது. "என்னக்கா இது, வயசு போன காலத்தில?"

சொன்ன பிறகுதான் அது அம்மாவின் குரல் என்று எனக்கு உறைத்தது. அக்கா கோபிக்கவில்லை. கழுவி வைத்த மீனை எடுத்துச் சட்டியில் அடுக்கினாள்.

"வயசுதானே போனது" என்றாள். "நான் எங்கயும் போகேல்லையே."

இரண்டு கிழமை அவளோடு நான் கதைக்கவில்லை. சமயம் வேறு, சனம் என்ன சொல்லும் என்று எனக்குள் காரணங்கள் சேர்த்துக்கொண்டிருந்தேன். உண்மையான காரணம் வேறு. முப்பது வருசமாக அவளுக்கு வயசு போட்டுது என்று நம்பியிருந்ததால்தான் என் வாழ்க்கையை நான் நிம்மதியாக வாழ முடிந்தது. அது போகவே இல்லை என்றால், நான் யாருடைய இடத்தில் மணவறையில் இருந்தேன்?

ஒரு சனிக்கிழமை பின்னேரம் அவளிடம் போனேன். வீடு பூட்டியிருந்தது. மரைன் டிரைவுக்கு இறங்கித் தண்டவாளத்தருகில் நின்றபோது இருவரையும் கண்டேன். கற்களுக்கு நடுவே கொஞ்சம் மணல் இருக்கும் இடத்தில் அக்கா சேலையைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அலையில் நின்றாள். அந்த வீட்டில் இத்தனை வருசம் இருந்தும் அவள் கடலில் கால் வைத்து நான் பார்த்ததில்லை. அவர் பின்னால் நின்றார், கையில் அவளுடைய செருப்பு. அவசரம் ஒன்றும் இல்லை. வெளிச்சம் செம்மஞ்சளாகி இருவருடைய உருவத்தையும் கரைத்துக்கொண்டிருந்தது. ஒரு ரயில் எனக்கும் அவர்களுக்கும் நடுவே நீளமாகப் போனது. அது கடந்து போன பிறகும் அவர்கள் அப்படியே நின்றார்கள்.

கூப்பிடாமல் திரும்பி வந்தேன். வீட்டுக்கு வந்ததும் போன் எடுத்தேன்.

"என்ன சேலை கட்டப்போறாய்?" என்று கேட்டேன்.

"நீ வந்து சொல்லு" என்றாள்.

பதிவு அலுவலகத்தில் இருந்தவர் சிங்களப் பெண். எங்கள் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு என் மகளிடம் திரும்பி, "மனமாலி கவுத?" என்று கேட்டார். மணப்பெண் யார் என்று. அக்கா பிள்ளையைப் போலக் கையை உயர்த்தினாள். அவர் பேனாவை வைத்துவிட்டு முகமெல்லாம் சிரித்தார். "வயசட கியாட மொகத" என்றார். வயசுக்குப் போனால்தான் என்ன என்று அர்த்தம். சிங்களத்தில் வயசு எங்கும் போவதில்லை, மனிதர்தான் அதனிடம் போகிறார்கள். ஐம்பது வருசமாகக் கேட்ட பாஷை, அன்றைக்குத்தான் அது எனக்கு விளங்கியது. ஒரே அறையில் எங்களுக்கு வயசு போயிருந்தது, மாப்பிள்ளைக்கு ஆகியிருந்தது, அந்தப் பெண்ணின் வாயில் இருவரும் அதை நோக்கி நடந்து வந்திருந்தார்கள். அக்கா கையெழுத்து வைத்தாள். பிறகு பேனாவை மாப்பிள்ளையிடம் கொடுத்தாள்.

அவர் சேர்ச்சுக்குப் போகிறார், இவள் கோயிலுக்குப் போகிறாள். அக்கா கொட்டாஞ்சேனைக்குப் போய்விட்டாள், வெள்ளவத்தை வீட்டில் இப்போது என் மகள் இருக்கிறாள். அவர்களுக்குக் கலியாணமாகி நாலு வருசமாகிறது. இடையில் அவருக்கு நெஞ்சுவலி வந்து பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். வயசு போன நேரத்தில் ஏன் இந்தக் கஷ்டம் என்று சொந்தக்காரர் ஒருவர் கேட்டாராம். "ஆருக்குக் கஷ்டம்?" என்று அக்கா கேட்டாளாம்.

போன மாதம் கொட்டாஞ்சேனைக்குப் போயிருந்தேன். சாப்பிட்ட களைப்பில் அவர்களுடைய பிரம்பு நாற்காலியிலேயே நித்திரையாகிவிட்டேன். துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதியதில் கண் விழித்தேன். யார் வீடு, என்ன நாள், எனக்கு எத்தனை வயது என்று கொஞ்ச நேரம் ஒன்றும் பிடிபடவில்லை. உள்ளே இருவரும் மெல்லிய குரலில் வாதாடிக்கொண்டிருந்தார்கள். தேத்தண்ணிக்கு இஞ்சி போடுவதா வேண்டாமா என்று.

"அவள் எழும்பினாப் பிறகு கேப்பம்" என்றாள் அக்கா.

நான் கண்ணை மறுபடி மூடிக்கொண்டு, இன்னும் கொஞ்ச நேரம் எழும்பாமல் இருந்தேன்.