பார்த்தவளின் பெயர்

பஸ் ரப்பர்த் தோட்டத்து முச்சந்தியில் நிற்பதற்குள் புஷ்பவள்ளி ஒரு காலைப் படியில் வைத்துவிடுவாள். "இரு புள்ள, பஸ் எங்கயும் ஓடிடாது லா!" என்று ஓட்டுநர் இருக்கையிலிருந்து அதட்டுவார் தர்மலிங்கம், அவளுடைய அண்ணன். "ஏழு வருஷம் ஓடிச்சில்லண்ணே?" என்பாள் அவள்.

அந்த நிறுத்தமே அவள் வென்றதுதான். முதல் ஏழு வருஷம் கம்பெனி பஸ் பீடோங் டவுனோடு திரும்பிவிடும். பதினொரு பெண்களிடம் பெயர் வாங்கி, மனு எழுதி, தோட்டம்வரை வரவைத்தாள். பதினேழு வயதில் கோட்டைவிட்ட கணக்குப் பாடத்தை இருபத்தொன்பதில், கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு படித்துத் தேறினாள். "தோட்டத்துப் புள்ளைங்க ஆறு மாசம் தாங்காது" என்று சொன்ன, கம்பெனிக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட்டை ஒன்பது வருஷம் வாயடைத்து வைத்திருந்தாள்.

கூலிம் ஹைடெக் தொழிற்பூங்காவில் அவளுக்கு வேலை, ஜெர்மனிக்குக் கப்பலேறும் கார்களுக்கான மின்னணுச் சில்லுகளை மைக்ராஸ்கோப்பில் பார்த்துக் கீறல் பிடிப்பது. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. பசாரில் கத்தரிக்காயைக்கூட ஒரு கண்ணை மூடிக்கொண்டுதான் பார்ப்பாள். கடைக்காரர்களுக்கு அவளைக் கண்டாலே அலுப்பு.

ஏற்றுமதி கூடக் கூடப் பூங்காவில் கட்டடங்கள் எழும்பின, ஆட்களும் பெருகினார்கள். ஆனால் ஒரே மேசையில் இரண்டு விதமான ஆட்கள். பக்கத்து நாற்காலி அகீலா கம்பெனி ஆள்; அவளுக்குப் போனஸ், மருத்துவ அட்டை எல்லாம் உண்டு. புஷ்பவள்ளி ஏஜென்சி ஆள். அவளுக்கு அவை கிடையாது, கையெழுத்தும் கிடையாது. சோதனைத் தாளில் கம்பெனி ஆட்கள் மட்டுமே கையெழுத்திடலாம். சில்லுகளைப் புஷ்பவள்ளி பார்ப்பாள், அகீலா கையெழுத்துப் போடுவாள்.

"எனக்கே வெக்கமா இருக்குக்கா."

"போடு லா. மசாலாவா அரைக்கச் சொன்னேன்?"

2024 ஆகஸ்டு தொடக்கத்தில், சரக்கு வாங்கும் நிறுவனத்திலிருந்து ஒரு ஜெர்மன் அம்மாள் தொழிற்சாலையைச் சோதிக்க வந்தார். புஷ்பவள்ளியின் ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிகிறது. அதைப் புதுப்பிப்பது சூப்பர்வைசர் திவாகரன் கையில். "கேட்டா அகீலாதான் பார்த்தாள்னு சொல்லணும். வாயத் தொறந்தீங்க, அடுத்த மாசம் பஸ் ஏற வேணாம்," என்று காலையிலேயே சொல்லிவிட்டார்.

அம்மாள் பழைய சோதனைத் தாள் ஒன்றை உருவி, இவ்வளவு சிறிய கீறலை எப்படிக் கண்டுபிடித்தாய் என்று அகீலாவிடம் கேட்டார். அகீலா தரையைப் பார்த்தாள். திவாகரன் கூரையைப் பார்த்தார். புஷ்பவள்ளி எழுந்து வந்தாள். "ஐ சீ. ஷீ சைன்," என்று தன்னையும் அகீலாவையும் மாறி மாறிக் கைகாட்டினாள். பிறகு விளக்கை ஒரு பக்கமாகச் சாய்த்து, எந்தக் கோணத்தில் கீறல் மின்னும் என்று காட்டினாள்.

அன்று மாலை பஸ்ஸில் அவள் முகத்தைத் தர்மலிங்கம் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார். நடந்ததை எல்லாரும் இறங்கிய பிறகுதான் சொன்னாள்.

"உண்மையத்தானே சொன்ன?"

"உண்மை புள்ளைக்கு ஸ்கூல் சப்பாத்து வாங்குமாண்ணே?"

அடுத்த பன்னிரண்டு நாள் அந்த முச்சந்தியில் அவள் ஏறும்போது தர்மலிங்கம் அதட்டவில்லை.

பதின்மூன்றாம் நாள் ஜெர்மனியிலிருந்து கடிதம் வந்தது: பார்த்தவர்தான் கையெழுத்திட வேண்டும், இல்லையென்றால் சரக்கு வேண்டாம். கம்பெனி அவசரமாக ஒரு தேர்வு வைத்து, ஏஜென்சி ஆட்களில் புஷ்பவள்ளி உட்பட எட்டுப் பேரை நிரந்தரமாக எடுத்துக்கொண்டது. மூன்று பேர் கணக்கில் தேறவில்லை. இப்போது பஸ்ஸில் அவர்கள் நடுவில்தான் புஷ்பவள்ளி உட்காருகிறாள், மடியில் கணக்குப் புத்தகத்தோடு. "அடுத்த பரீட்சைக்கு ஒருத்தியும் மிச்சம் இருக்கக் கூடாது," என்று அவள் மிரட்டுவது ஓட்டுநர் இருக்கைவரை கேட்கிறது.

நிரந்தரமான பிறகு வந்த முதல் சோதனைத் தாளைப் பற்றித் தர்மலிங்கத்திடம் சொன்னவள் அகீலா. பேனாவை நகர்த்தி, "சின்னதா ஒரு கிறுக்கு போதும்கா," என்றாளாம். புஷ்பவள்ளி கேட்கவில்லை. கையெழுத்துக் கட்டத்துக்கு வெளியே வழிய வழியத் தன் பெயரை முழுசாக எழுதினாள். அதன் அடியில் தேதியையும் போட்டாள்: 9.9.2024, திங்கட்கிழமை.