ஸ்டேஷனரிக் கடை மெஷினில் போட்ட விமான டிக்கெட்

"தங்கச்சி, இதக் கொஞ்சம் பாரு. பாயிண்ட் சரியா ஏறலைலா."

சுப்ரமணியம் அண்ணன் கைபேசியைக் கவுன்டரில் வைத்தபோது எங்கள் மலையூரான தானா ராத்தாவில் நல்ல மழை. கடையில் வேறு யாரும் இல்லை.

கடை ஒரு டிராவல் ஏஜென்சி; டிக்கெட் போடுவது என் வேலை. அண்ணன் பக்கத்து எஸ்டேட் தேயிலை ஃபேக்டரியில் இலை உலர்த்தும் டிரையரைப் பார்ப்பவர். மனைவி லெட்சுமி அக்கா அதே எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கிறார். ஒரே மகள் கடல் தாண்டி கோத்தா கினபாலுவில் படிப்பை முடித்துவிட்டாள். பட்டமளிப்பு விழாவுக்கு நாளும் குறித்துவிட்டார்கள். இருவரும் போக வேண்டும். கையிலிருந்த பணம் ஒரு டிக்கெட்டுக்குத்தான் வரும். இன்னொன்றைக் கிரெடிட் கார்டு பாயிண்ட்டில் எடுத்துவிடலாம் என்பது அண்ணனின் திட்டம்.

அவர் கார்டில் பயணச் செலவு என்றால் ஒரு ரிங்கிட்டுக்கு ஐந்து பாயிண்ட், மற்ற செலவுக்கு ஒன்று. எஸ்டேட்டிலிருந்து ஒரு கூட்டம் திருச்சிக்குப் போனபோது அத்தனை பேர் டிக்கெட்டையும் எங்கள் கடையில் தன் கார்டில் போட்டார். அவர்கள் கொடுத்த ரொக்கத்தை அப்படியே கார்டு பாக்கிக்கு பேங்கில் கட்டிவிட்டார். முன்கூட்டியே பேங்குக்குப் போன் போட்டும் கேட்டிருந்தார். டிராவல் ஏஜென்சியில் வாங்கினால் ஐந்து என்றுதான் சொன்னார்களாம்.

ஏறியிருந்ததோ ஒன்றுதான்.

பேங்கை அழைத்து ஸ்பீக்கரில் போட்டேன். பேசிய பெண் மலாயில் பொறுமையாக விளக்கினார். நாம் என்ன வாங்கினோம் என்பதை கம்ப்யூட்டர் பார்ப்பதில்லை. கார்டு போடும் மெஷின் எந்த வகை வியாபாரமாகப் பதிவாகியிருக்கிறதோ, அந்த வகைக்குரிய பாயிண்ட்தான் ஏறும். எங்கள் மெஷின் ஸ்டேஷனரிக் கடை என்று பதிவாகியிருந்தது.

முதலாளி உள்ளேயிருந்து வந்தார். "முன்ன இங்க நோட்டு, பேனாதானே வித்தோம். அப்ப வாங்குன மெஷின். காசுதான் வருதேன்னு அப்படியே விட்டுட்டேன்லா."

மெஷின் பதிவை மாற்றலாம், பழைய பாயிண்ட்டை மாற்ற முடியாது என்றது பேங்க். எழுதியும் கேட்டோம். அதே பதில்.

பிறகு ஒரு நாள் அண்ணன் மனைவியோடு வந்தார்.

"ஒரு டிக்கெட் போடு. லெட்சுமி பேருக்கு."

"எனக்கா?" அக்கா திகைத்துப்போனார். "ஏர்போர்ட் வாசலக்கூட நான் பார்த்ததில்ல. நீங்கதான் நாலு பேர்கிட்ட பேசுவீங்க. நீங்க போங்க."

"என் சம்பளம் வீட்டுக்கே சரியாப் போச்சு. பிள்ளை படிச்சது நீ கொழுந்து எடுத்த காசுல. நீ போய் முன்னாடி உட்காரு."

அக்கா அழுதார். நான் தலையை நிமிர்த்தாமல் அவருடைய ஐசி அடையாள அட்டை நம்பரை அடித்தேன். சர்வீஸ் சார்ஜ் வேண்டாம் என்றார் முதலாளி.

எஸ்டேட் வீட்டில் இன்டர்நெட் விட்டு விட்டுத்தான் வரும். அதனால் விழாவன்று காலை அண்ணன் லீவு போட்டு, சட்டையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு கடைக்கு வந்தார். என் கம்ப்யூட்டரில் நேரலையைப் போட்டேன். ஸ்ட்ராபெரித் தோட்டத்துக்கு வழி கேட்டு வந்த டூரிஸ்டுகளை முதலாளியே வெளியில் நிறுத்திப் பேசி அனுப்பினார்.

மகள் மேடையேறினாள். மலாயில் பெயரை வாசித்தார்கள்: கவிதா, சுப்ரமணியத்தின் மகள்.

அண்ணன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். உடனே அவர் போன் அடித்தது. மண்டபத்திலிருந்து அக்கா.

"பாத்தீங்களா? கேட்டுச்சா?"

"கேட்டுச்சுலா. அவ்வளவு பெரிய எடத்துல என் பேரையும்ல வாசிச்சாங்க." போனை என்னிடம் நீட்டினார்.

இப்போது எங்கள் மெஷின் டிராவல் என்று பதிவாகிவிட்டது. இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். கடை வாசலில் இருக்கும் போர்டைப் பார்த்து யாருக்கும் பாயிண்ட் வாக்குக் கொடுக்காதீர்கள். பாயிண்ட்டை நம்பி வருபவர்களை முதலில் ஒரு சின்ன டிக்கெட் மட்டும் போடச் சொல்லுங்கள். எத்தனை பாயிண்ட் ஏறுகிறது என்று பார்த்துவிட்டு மற்றதைப் போடட்டும். அவர்களுக்கும் அவசரம் இருக்கும், நமக்கும் விற்பனை முடிய வேண்டும் என்றிருக்கும். கொஞ்சம் பொறுத்தால் ஒரு அப்பாவும் அம்மாவும் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போவார்கள்.